பாஸ்பரஸ் எந்தக் கனிமத்தில் இருக்கிறது? பில்பரா இரும்புத் தாது: ஒரு நிகழ்வு ஆய்வு

இரும்புத் தாதுவின் ஆய்வக அறிக்கை கைக்கு வந்தால் எல்லாரும் முதலில் தேடுவது இரும்பு எத்தனை சதவீதம் என்பதைத்தான். அப்புறம் சிலிக்கா, அலுமினா. பாஸ்பரஸ் கட்டத்தில் 0.12 என்று ஒரு சின்ன எண் இருக்கும், கண் அதன் மேல் நிற்காது. தாது என்ன விலைக்குப் போகும், எந்தத் தாதுவோடு கலந்து அனுப்ப வேண்டியிருக்கும் என்பதில் அந்தச் சின்ன எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த படி. அந்தப் பாஸ்பரஸ் எந்தக் கனிமத்துக்குள், எந்த விதத்தில் பிடிபட்டிருக்கிறது என்று பார்க்காமல் அந்த எண்ணை மட்டும் வைத்து ஒரு முடிவும் எடுக்கக் கூடாது. ஒரே 0.12, ஒரு தாதுவில் அரைத்து மிதக்கவிட்டால் போய்விடும்; இன்னொரு தாதுவில் நாற்பது வருட ஆராய்ச்சிக்கும் முழுசாக மசியாது.

இதை விளங்கிக்கொள்ள மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவை எடுத்துக்கொள்கிறேன். உலகத்திலேயே அதிகமாக இரும்புத் தாது ஏற்றுமதியாகும் பகுதி அது, ஆண்டுக்கு 80 கோடி டன்னுக்கு மேல். அங்கே பாஸ்பரஸ் ஒரு தனிக் கனிமமாகக் கண்ணுக்குத் தெரிவதே அபூர்வம்.

முதலில் அந்த எண் ஏன் முக்கியம் என்று

0.12 சதவீதம் என்றால் ஒரு டன் தாதுவில் 1.2 கிலோ பாஸ்பரஸ். 60 சதவீத இரும்புள்ள தாது என்று வைத்துக்கொண்டால், ஊதுலையில் ஒரு டன் உருகிய இரும்பு எடுக்க ஏறக்குறைய 1.6 டன் தாது போட வேண்டும். அதில் உள்ள பாஸ்பரஸ் சுமார் 1.9 கிலோ. ஊதுலையின் உள்ளே இருக்கும் வெப்பத்திலும் கரியின் ஆதிக்கத்திலும் பாஸ்பரஸ் ஆக்சைடு, இரும்பு ஆக்சைடைப் போலவே ஆக்சிஜனை இழந்து உருகிய இரும்பில் கரைந்துவிடுகிறது. அலுமினா அப்படியே கசடோடு போய்விடும், சிலிக்காவில் ஒரு பகுதிதான் சிலிக்கானாக இரும்புக்குள் வரும். பாஸ்பரஸ் மட்டும் கிட்டத்தட்ட ஒன்று விடாமல் இரும்போடு இறங்கும். ஆகத் தாதுவில் 0.12 ஆக இருந்தது உருகிய இரும்பில் 0.19 ஆகிவிட்டது. கோக் கரியிலிருந்து வருவதை இன்னும் சேர்க்கவில்லை.

எஃகுக்கு வேண்டியதோ பல ரகங்களில் 0.02, 0.03க்குள். கார் தகடு, குளிர்ப் பிரதேசத்தில் பதிக்கும் எண்ணெய்க் குழாய் போன்றவற்றுக்கு 0.01ஐ ஒட்டிக் கேட்பார்கள். காரணம், எஃகு உறையும்போது பாஸ்பரஸ் கடைசியாக உறையும் திரவத்தில் போய்ச் சேர்கிறது, அதன் பிறகும் சூடாக இருக்கும்போது படிகத் துகள்களின் விளிம்புகளை நோக்கி நகர்கிறது. விளிம்புகள் பலவீனமானால் வெப்பம் குறையக் குறைய எஃகு வளைவதை விட்டுவிட்டு உடைகிறது. 0.19ஐ 0.02 ஆக்கும் வேலை முழுவதும் எஃகு ஆலையின் ஆக்சிஜன் உலையின் தலையில் விழுகிறது: பாஸ்பரஸைப் பிடித்துக் கசடில் சேர்க்கும் சுண்ணாம்பு கூடுதல், கசடு கூடுதல், கசடோடு போகும் இரும்பும் கூடுதல்.

அந்தச் சுண்ணாம்பு வழியைக் கண்டுபிடிக்கவே ஒரு தலைமுறை ஆனது. உருகிய இரும்பில் காற்றை ஊதி எஃகு செய்யும் முறையை பெஸ்ஸமர் 1856இல் அறிவித்து உரிமம் விற்றார். வாங்கியவர்கள் செய்த எஃகு நொறுங்கியது. அவர் சோதித்த வார்ப்பிரும்பில் பாஸ்பரஸ் குறைவு, மற்றவர்களுடையதில் அதிகம். அவருடைய உலையின் உட்பூச்சு சிலிக்கா, அதனால் சுண்ணாம்பு போட்டால் பூச்சையே தின்றுவிடும். லண்டனில் நீதிமன்றக் குமாஸ்தாவாக இருந்த சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸும், வேல்ஸில் இரும்பு ஆலை வேதியியலாளராக இருந்த அவர் உறவினர் பெர்சி கில்கிறிஸ்டும் உட்பூச்சையே சுண்ணாம்போடு ஒத்துப்போகும் டாலமைட்டுக்கு மாற்றி, 1879இல் மிடில்ஸ்பரோவில் பெரிய அளவில் செய்து காட்டினார்கள். அதன் பிறகுதான் இன்றைய பிரான்ஸின் லொரைனில் கொட்டிக்கிடந்த பாஸ்பரஸ் மிகுந்த மினெட் தாதுவுக்கு மதிப்பு வந்தது. கசடை அரைத்து வயலுக்கு உரமாகவும் விற்றார்கள். எஃகு ஆலையால் பாஸ்பரஸை எடுக்க முடியும் என்பது அன்றைக்கே முடிந்த கதை. எவ்வளவு செலவில் என்பதுதான் இன்றுவரை கேள்வி, அதனால்தான் சுரங்கத்திலேயே அதைக் குறைக்க முடியுமா என்று தேடுகிறார்கள்.

பில்பராவின் தாது

ஆஸ்திரேலிய அரசு 1938இல், நாட்டில் இரும்புத் தாது கொஞ்சம்தான் இருக்கிறது என்ற பயத்தில், ஏற்றுமதியைத் தடை செய்தது. 1960இல் தடை தளர்ந்தது. அதற்குப் பிறகுதான் ஹாமர்ஸ்லி மலைத்தொடரில் எவ்வளவு இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிய வந்தது. மவுண்ட் டாம் பிரைஸ் தாது 1966இல் கப்பல் ஏறியது, மவுண்ட் வேல்பேக் தாது 1969இல்.

மூலப்பாறை எல்லா இடத்திலும் ஒரே குடும்பம்தான். சுமார் 260 முதல் 245 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த பட்டை இரும்புப் பாறை: இரும்பு ஆக்சைடு ஒரு பட்டை, சிலிக்கா ஒரு பட்டை என்று மாறி மாறி. மாரா மாம்பா, பிராக்மன் என்று இரண்டு முக்கியமான அடுக்குத் தொகுதிகள். மூலப்பாறையில் இரும்பு 30 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பிற்காலத்தில் சிலிக்கா கரைந்து வெளியேறிய இடங்களில் மட்டும் 60 சதவீதத்தைத் தாண்டிய தாது உண்டானது.

சிலிக்கா போன விதத்தில்தான் பாஸ்பரஸின் கதை பிரிகிறது. டாம் பிரைஸ், வேல்பேக், பாராபர்டூ போன்ற இடங்களில் கிடைத்தது நீரில்லாத இரும்பு ஆக்சைடான ஹேமடைட் மெல்லிய தகடு தகடாக வளர்ந்த தாது. பாஸ்பரஸ் 0.05ஐ ஒட்டி இருக்கும், நீர் மிகக் குறைவு. ஆரம்பத்தில் ஜப்பானிய ஆலைகள் விரும்பி வாங்கியது இதைத்தான். அதே பிராக்மன் பாறையிலிருந்து உண்டான இன்னொரு தாது, ஹேமடைட்டின் ஒரு வடிவமான மார்டைட்டும், நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடான கோதைட்டும் கலந்தது, 0.10ஐத் தாண்டும். ‘பாஸ்பரஸ் மிகுந்த பிராக்மன்’ என்றே அதற்கு வழக்கில் பெயர். இருப்பு ஏராளம். நல்ல ஹேமடைட் தாது தீரத் தீர, வெட்டியெடுப்பதில் இதன் பங்கு கூடிக்கொண்டே வருகிறது. ஒரே மூலப்பாறை, பக்கத்துப் பக்கத்து மலை, பாஸ்பரஸ் மட்டும் இரட்டிப்பு. ஏன்?

நுண்ணோக்கியின் கீழே

மார்டைட்-கோதைட் தாதுவின் ஒரு சில்லைப் பிசினில் பதித்து, கண்ணாடி போல மெருகேற்றி, ஒளி பட்டுத் திரும்பும் நுண்ணோக்கியில் வைத்தால் இரண்டே நிறம் கண்ணில் படும். வெளிறிய வெள்ளையில் பளிச்சென்று, எண்முகியின் வெட்டுமுகத்தோடு நிற்பவை மார்டைட். ஒரு காலத்தில் காந்தத்தன்மை கொண்ட இரும்பு ஆக்சைடான மேக்னடைட்டாக இருந்து, உருவம் மாறாமலே உள்ளுக்குள் ஹேமடைட்டாக ஆக்சிஜனேற்றம் அடைந்தவை. அவற்றுக்கு நடுவே முன்பு சிலிக்கா இருந்த இடத்தையெல்லாம் மங்கலான சாம்பல் நிறத்தில் நிரப்பியிருப்பது கோதைட். சில இடத்தில் அடர்த்தியாக, கண்ணாடித் தன்மையோடு. சில இடத்தில் மஞ்சள் காவி மண்ணாக, விரலில் ஒட்டும் அளவுக்குப் பொலபொலவென்று. ஓரங்களில் செம்பழுப்பு ஒளி உள்ளிருந்து கசியும். பாஸ்பரஸின் வழக்கமான தனிக் கனிமமான அபடைட், அதாவது கால்சியம் பாஸ்பேட், எங்காவது இருக்கிறதா என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

அதே துண்டை, எலக்ட்ரான் கற்றையால் புள்ளி புள்ளியாகத் தனிமங்களை அளக்கும் எலக்ட்ரான் மைக்ரோபுரோபில் வைத்துப் பாஸ்பரஸுக்கு மட்டும் ஒரு வரைபடம் எடுத்தால் விஷயம் வெளியே வரும். மார்டைட் படிகங்கள் கருப்பாக இருக்கும், அங்கே பாஸ்பரஸ் இல்லை என்று பொருள். சுற்றியுள்ள கோதைட் முழுவதும் மங்கலாக ஒளிரும். கோதைட் அடுக்கடுக்காக வளர்ந்த இடங்களில் ஒரு அடுக்கு சற்றுத் தூக்கலாக, அடுத்தது குறைவாக, அந்தந்தக் காலத்து நிலத்தடி நீரில் எவ்வளவு பாஸ்பேட் இருந்ததோ அதற்கேற்ப. இத்தனாம் புள்ளியில் பாஸ்பரஸ் துகள் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. பரவலாக, அந்தக் கனிமத்தின் உடம்பிலேயே இருக்கிறது.

கணக்குப் போட்டால் இதன் விளைவு இன்னும் தெளிவாகும். தாதுவில் 0.12 பாஸ்பரஸ், எடையில் 40 சதவீதம் கோதைட், பாஸ்பரஸ் முழுவதும் கோதைட்டில் என்று வைத்துக்கொள்வோம். அப்போது கோதைட்டில் 0.3 சதவீதம் பாஸ்பரஸ். பாஸ்பரஸைப் பிரிக்க வேண்டுமானால் கோதைட்டையே பிரிக்க வேண்டும். ஆனால் சுத்தமான கோதைட்டில் கிட்டத்தட்ட 63 சதவீதம் இரும்பு இருக்கிறது. விற்க வந்த சரக்கில் ஐந்தில் இரண்டு பங்கைத் தூக்கி எறிவதற்குச் சமம். இதுவே அபடைட்டாக இருந்தால்? ஃபுளோர் அபடைட்டில் பாஸ்பரஸ் மட்டும் 18.4 சதவீதம். 0.12க்கு வேண்டிய அபடைட் எடையில் 0.65 சதவீதம்தான். அதில் இரும்பும் இல்லை. எடுத்து எறிந்தால் ஒரு நஷ்டமும் கிடையாது. இந்த இரண்டு கணக்குக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் இந்தக் கட்டுரையின் மொத்த விஷயம்.

கோதைட் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது

அலுமினியத்தை எடுத்துக்கொண்டால் புரிந்துகொள்வது எளிது. கோதைட்டில் இரும்பு அணு ஒவ்வொன்றும் ஆறு ஆக்சிஜன்களுக்கு நடுவே இருக்கிறது. அலுமினிய அயனி இரும்பு அயனியைவிடக் கொஞ்சம் சிறியது, மின்னூட்டம் அதே மூன்று. அதனால் இரும்பின் இடத்தில் நேராகப் போய் அமர்ந்துகொள்ளும், மூன்றில் ஒரு பங்கு இடம்வரைகூட. மேக்னடைட்டில் வனேடியமும் டைட்டானியமும் இருப்பது இதே போலத்தான்.

பாஸ்பரஸுக்கு இது முடியாது. ஐந்து மின்னூட்டம் கொண்ட மிகச் சிறிய அயனி அது, நான்கு ஆக்சிஜன்களோடு மட்டுமே குடும்பம் நடத்தும், ஆறு ஆக்சிஜன் சூழ்ந்த இரும்பின் இடம் அதற்குப் பொருந்தாது. அது நுழைவது வேறு வழியில். பாஸ்பேட் அயனி நீரில் மிதந்து வந்து கோதைட்டின் மேற்பரப்பில் இருக்கும் ஹைட்ராக்சிலைத் தள்ளிவிட்டு, பக்கத்துப் பக்கத்து இரும்பு அணுக்களோடு தன் ஆக்சிஜன் வழியாகவே நேரடிப் பிணைப்புப் போட்டுக்கொள்கிறது. கழுவினால் போகும் ஒட்டு இல்லை இது. கோதைட் படிகங்கள் மிக நுண்ணிய ஊசிகள், மேற்பரப்பு ஏராளம். மேலே ஒட்டிய பாஸ்பேட்டின் மேல் அடுத்த அடுக்கு கோதைட் வளர்ந்து மூடிவிட்டால், மேற்பரப்பில் இருந்தது உள்ளே புதைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அமிலமோ காரமோ அதைத் தொட வேண்டுமென்றால் முதலில் கோதைட்டைத் திறக்க வேண்டும்.

நம் ஊர் விவசாயிகளுக்கு இந்த வேதியியல் புதிதில்லை. செம்மண் நிலத்தில் சூப்பர் பாஸ்பேட் போட்டால் பயிருக்குப் போய்ச் சேருவது ஒரு பகுதிதான், மீதியை மண்ணில் உள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் பிடித்து வைத்துக்கொள்ளும். தொழு உரத்தோடு கலந்து ஊட்டமேற்றிப் போடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். மண்ணைச் சிவப்பும் மஞ்சளுமாக்கும் கனிமங்களில் கோதைட்டும் ஒன்று. வயலில் மணிச்சத்தைப் பிடித்து வைப்பதும் பில்பரா மலையில் தாதுவின் விலையைக் குறைப்பதும் ஒரே பிணைப்பு.

பாஸ்பரஸ் எங்கிருந்து வந்தது

மூலப்பாறையில் பாஸ்பரஸ் பெரும்பாலும் மிக நுண்ணிய அபடைட் துகள்களாக இருந்தது. அது அங்கே வந்த விதமும் சுவாரசியமானது. பழங்காலக் கடலில் கரைந்திருந்த இரும்பு துருவாகப் படியும்போது, அந்தத் துரு கடல்நீரிலிருந்த பாஸ்பேட்டையும் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். இரும்புப் பாறையில் பாஸ்பரஸுக்கும் இரும்புக்கும் உள்ள விகிதத்தை வைத்து அன்றைய கடலில் எவ்வளவு பாஸ்பேட் இருந்திருக்கும், உயிர்கள் வளரப் போதுமானதாக இருந்ததா என்றுகூடக் கணக்கிடப் பார்த்தார்கள். அன்றைய கடலில் சிலிக்காவும் நிறையக் கரைந்திருந்தது, துருவின் மேற்பரப்பில் அதே இடத்துக்குச் சிலிக்காவும் போட்டி போடும், அதைக் கணக்கில் சேர்த்தால் விடை தலைகீழாகிறது என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

பில்பராவுக்குத் திரும்புவோம். மலை மேலெழுந்து, மழைநீர் விரிசல் வழியாக இறங்கத் தொடங்கியதும் இரண்டு வேலை ஒரே சமயத்தில் நடந்தது. மேக்னடைட் மார்டைட்டானது; சிலிக்காவும் கார்பனேட்டும் கரைந்து போன இடத்தில் கோதைட் வந்து நிரம்பியது. நீரில் கொஞ்சம் அமிலத்தன்மை இருந்தால் அபடைட் நிற்காது, கரைந்துவிடும். கால்சியம் நீரோடு போய்விட்டது. பாஸ்பேட் போகவில்லை, அங்கேயே புதிதாகப் பிறந்துகொண்டிருந்த கோதைட் அதைப் பிடித்துக்கொண்டது. சிலிக்கா போகப் போக மீதிப் பொருளில் இரும்பின் சதவீதம் எப்படி ஏறியதோ, பிடிபட்ட பாஸ்பரஸின் சதவீதமும் கூடவே ஏறியது.

அப்படியானால் டாம் பிரைஸ் வகைத் தாதுவில் ஏன் குறைவு? ஆஸ்திரேலிய அரசின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தின் ரிச்சர்ட் மோரிஸ் 1980களில் தந்த விளக்கம், அங்கேயும் முதலில் கோதைட்தான் உண்டானது, பிறகு ஆழத்தில் புதைந்து வெப்பம் ஏறியதில் கோதைட் நீரை இழந்து தகடு ஹேமடைட்டாக மாறியது, மாறாமல் மிஞ்சிய கோதைட்டைப் பின்னால் வந்த நீர் கரைத்துக்கொண்டு போனது என்பது. ஹேமடைட் படிகம் பெரிதாகித் தெளிவாக வளரும்போது அதற்குள் பாஸ்பரஸுக்கு இடமில்லை, வெளியே தள்ளப்படும். 1990களின் இறுதியிலிருந்து, ஆழத்திலிருந்து வந்த சூடான திரவங்கள்தான் முதலில் சிலிக்காவைக் கரைத்தன என்று வேறொரு தரப்பு வாதிடுகிறது. 2024இல் வெளியான ஒரு காலக்கணிப்பு அந்த ஹேமடைட்டுகளின் வயதை 140 முதல் 110 கோடி ஆண்டுகள் என்று சொல்லி, அவை முன்பு நம்பியதைவிட வெகுவாகப் பிற்காலத்தவை என்று காட்டியிருக்கிறது. எந்தத் தரப்பு வென்றாலும் பாஸ்பரஸைப் பொறுத்தவரை அவதானிப்பு மாறாது: கோதைட் தங்கிய இடத்தில் பாஸ்பரஸும் தங்கியது, ஹேமடைட் நன்றாகப் படிகமான இடத்தில் வெளியேறியது.

இதை வைத்து, கோதைட் இருந்தாலே பாஸ்பரஸ் இருக்கும் என்று அவசரப்படக் கூடாது. அதே பில்பராவில் யாண்டி, ரோப் நதிப் பகுதிகளில் பழைய ஆற்றுத் தடங்களில் உண்டான தாது இருக்கிறது, மயோசீன் காலத்தது, உருண்டை உருண்டையாக, இடையிடையே கல்லாகிப்போன மரத்துண்டுகளோடு. அதில் கோதைட் மிக அதிகம், எரியிழப்பு, அதாவது சூடாக்கும்போது நீரும் வாயுவும் போய்க் குறையும் எடை, 10 சதவீதத்தை ஒட்டி வரும். ஆனால் பாஸ்பரஸ் 0.05ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோதான். ஆற்றுப் படுகையில், வேறு நீரில், வேறு மண்ணிலிருந்து பிறந்த கோதைட் அது. பக்கத்தில் கரைந்துகொண்டிருந்த அபடைட் அதற்கு இல்லை. கோதைட் பிடிக்கக்கூடிய கனிமம், அவ்வளவுதான். பிடிக்க ஏதாவது வந்திருக்க வேண்டும்.

கிருணா எதிர்ப்பக்கம்

வட ஸ்வீடனின் கிருணாவில் கதை முற்றிலும் வேறு. அங்கே தாது மேக்னடைட், சுமார் 188 கோடி ஆண்டு வயது, எரிமலைப் பாறைகளுக்கு நடுவே. பாஸ்பரஸ் அங்கே பில்பராவைவிட எவ்வளவோ அதிகம், சில பகுதிகளில் பல சதவீதம்கூட வரும். ஆனால் அத்தனையும் அபடைட். மேக்னடைட்டின் கருப்புக்கு நடுவே அபடைட் வெளிறிய பட்டைகளாக நிற்பதைக் கையில் பிடித்த கல்லிலேயே பார்க்கலாம். தாமஸ் முறை வந்த பிறகு 1890இல்தான் அந்தச் சுரங்கத்தை நடத்தும் எல்கேஏபி நிறுவனம் பிறந்தது, 1903இல் நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்கு ரயில் பாதை திறந்தது. பாஸ்பரஸை எஃகு ஆலையில் எடுக்க வழி பிறந்திருக்காவிட்டால் அந்த மலையில் பெரிய பகுதி அப்படியே கிடந்திருக்கும்.

இன்று கிருணாவில் தாதுவை நன்றாக அரைத்து, காந்தத்தால் மேக்னடைட்டை இழுத்து, ஒட்டிக்கொண்டு வரும் அபடைட்டை நுரை மிதப்பு முறையில் அகற்றுகிறார்கள். கொழுப்பு அமில வகைச் சேர்பொருள் அபடைட்டின் மேற்பரப்பைப் பிடித்துக் குமிழியோடு மேலே தூக்கும், மேக்னடைட் கீழே தங்கும். பல சதவீதப் பாஸ்பரஸிலிருந்து தொடங்கி 0.03க்குக் கீழே கொண்டுவந்துவிட முடிகிறது. கழிவாகப் போகும் அபடைட்டில் அருமண் தனிமங்கள் இருப்பதால் அதையும் உரப் பாஸ்பரஸையும் சேர்த்து மீட்க இப்போது திட்டமிடுகிறார்கள். பாஸ்பரஸ் அதிகமுள்ள தாது எளிதில் சுத்தமாகிறது, குறைவாக உள்ளது முரண்டு பிடிக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சீனாவின் ஹூபெய், ஹுனான் பகுதிகளில் நிங்சியாங் வகை என்று டெவோனியன் காலத் தாது பெரிய அளவில் இருக்கிறது. பாஸ்பரஸ் 0.4இலிருந்து 1 சதவீதத்துக்கு மேல் வரை. அங்கேயும் பாஸ்பரஸ் பெரும்பாலும் அபடைட்தான், தனிக் கனிமம்தான். ஆனால் மீன்முட்டை அளவு உருண்டைகளுக்குள் ஹேமடைட் ஒரு வளையம், அபடைட் ஒரு வளையம், களிமண் ஒரு வளையம் என்று சில மைக்ரான் தடிமனில் சுற்றியிருக்கிறது. பிரிக்க வேண்டுமென்றால் மாவைவிட நுண்ணியதாக அரைக்க வேண்டும், அரைத்தால் எல்லாம் சேறாகி மிதப்பு முறை சரியாக வேலை செய்யாது. எந்தக் கனிமம் என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்த அளவில் பின்னிக்கிடக்கிறது என்றும் தெரிய வேண்டும் என்பதற்கு இது சாட்சி.

கோதைட்டைத் திறக்கும் முயற்சிகள்

பில்பரா தாதுவில் அரைப்பதும் மிதக்கவிடுவதும் பயன்தராது என்று தெரிந்ததும் ஆராய்ச்சி வெப்பத்தின் பக்கம் போனது. கோதைட்டை 300 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாக்கினால் நீர் வெளியேறி அது ஹேமடைட்டாகிறது. நீர் போன வழியெல்லாம் நுண்ணிய துளைகள். உள்ளே புதைந்திருந்த பாஸ்பேட்டில் ஒரு பகுதி இப்போது துளைகளின் சுவரில், வெளியே எட்டும் இடத்தில். அந்தச் சமயம் பார்த்துக் காரக் கரைசலில், அதாவது சோடியம் ஹைட்ராக்சைடில், ஊறவைத்தால் ஹைட்ராக்சில் அயனிகள் பாஸ்பேட்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். கோதைட் உண்டானபோது நடந்ததன் நேர் எதிர்த்திசை இது. இந்த வழி எனக்கு மிகவும் பிடித்த வழி, ஏனென்றால் பாஸ்பரஸ் எப்படி உள்ளே போனது என்று புரிந்துகொண்டவர்களுக்குத்தான் இது தோன்றியிருக்கும்.

வெப்பத்தைத் தாறுமாறாக ஏற்றினால் துளைகள் மூடிக்கொண்டு, ஹேமடைட் இறுகி, காரம் உள்ளே போக வழியில்லாமல் ஆகும். அதையும் தாண்டி 1250 டிகிரி அளவுக்குப் போனால் படிகங்கள் புதிதாக வளர்ந்து பாஸ்பரஸைத் தங்கள் விளிம்புக்குத் தள்ளும், அங்கிருந்து நீர்த்த கந்தக அமிலத்தால் எடுக்கலாம். மேற்கு ஆஸ்திரேலியத் தாதுவில் இப்படிச் செய்து மூன்றில் இரண்டு பங்கு பாஸ்பரஸை எடுத்த ஆய்வு 1990களின் இறுதியில் வந்தது.

ஆய்வகத்தில் நடக்கிறது. மலையில் நடக்கவில்லை. பில்பராவின் தொழில் தோண்டி, உடைத்து, சலித்து, ரயிலில் ஏற்றுவது. பெரும்பகுதி தாதுவுக்குத் தண்ணீர்கூடத் தேவையில்லை. கோடிக்கணக்கான டன்னைச் சூடாக்கி, காரத்தில் ஊறவைத்து, கழுவி, அந்தக் கழிவுநீரைச் சமாளிப்பதற்கான செலவு, பாஸ்பரஸால் இழக்கும் விலையைவிட அதிகம். ஆகவே நடைமுறையில் எல்லாரும் செய்வது கலப்பதுதான். பாஸ்பரஸ் குறைந்த மாரா மாம்பா, மிஞ்சியிருக்கும் ஹேமடைட் தாது, பாஸ்பரஸ் மிகுந்த பிராக்மன் என்று பல சுரங்கத்துச் சரக்கை அளந்து கலந்து, வாங்குபவருக்குச் சொன்ன எண்ணுக்குள் நிறுத்துகிறார்கள். பில்பரா பிளெண்ட் என்ற பெயரில் விற்பது அப்படிப்பட்ட சரக்கு, பாஸ்பரஸ் 0.1ஐ ஒட்டி. கலப்பது பாஸ்பரஸைக் குறைப்பதில்லை, பங்கிட்டுக் கொடுக்கிறது. குறைந்த தாது தீர்ந்தால் பங்கிடவும் வழியில்லை.

அறிக்கையைப் படிக்கும்போது

நுண்ணோக்கியும் மைக்ரோபுரோபும் எல்லாரிடமும் இருக்காது, சரி. ஆனால் எக்ஸ் கதிரால் தனிமங்களை அளக்கும் சாதாரண எக்ஸ்ஆர்எஃப் அறிக்கையிலேயே பாதி விடை கிடைத்துவிடும், பலர் அதைக் கேட்பதே இல்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். அபடைட்டில் ஒரு பங்கு பாஸ்பரஸுக்குச் சுமார் 2.16 பங்கு கால்சியம் எடையில் இருந்தாக வேண்டும். 0.12 பாஸ்பரஸ் முழுவதும் அபடைட் என்றால் கால்சியம் 0.26, அறிக்கையில் எழுதும் விதத்தில் கால்சியம் ஆக்சைடாக 0.36 சதவீதம் வர வேண்டும். அங்கே 0.05 என்று இருந்தால் அபடைட் என்ற பேச்சை அத்தோடு விட்டுவிடலாம். கால்சியம் அதிகமாக இருந்தால் அது கார்பனேட்டிலிருந்தும் வந்திருக்கலாம் என்பதால் அபடைட் என்று அடித்துச் சொல்ல முடியாது. குறைவாக இருந்தால் இல்லை என்று அடித்துச் சொல்லலாம்.

அடுத்தது எரியிழப்பு. துளையிட்டு எடுத்த மாதிரிகளின் பாஸ்பரஸை எரியிழப்போடு வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் சந்தேகம் கோதைட்டின் மேல். எரியிழப்பை ஒரே வெப்பநிலையில் எடுக்காமல், 400 டிகிரியை ஒட்டி ஒன்று, 650இல் ஒன்று, 1000இல் ஒன்று என்று பிரித்து எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. முதல் படியில் போவது பெரும்பாலும் கோதைட்டின் நீர், அடுத்ததில் களிமண்ணின் நீர், கடைசியில் கார்பனேட்டின் வாயு. பாஸ்பரஸ் அலுமினாவோடு மட்டும் சேர்ந்து ஏறினால் கிராண்டலைட் போன்ற அலுமினியப் பாஸ்பேட் இருக்கலாம், அதற்கு நுண்ணோக்கி இல்லாமல் முடியாது. எல்லா மாதிரிகளையும் ஒரே குவியலாகப் போட்டு வரையாமல், பாறை அடுக்கு வாரியாகப் பிரித்து வரைய வேண்டும். யாண்டி வகைத் தாதுவையும் பிராக்மனையும் ஒன்றாகப் போட்டால் எந்தக் கோடும் தெரியாது.

இதற்கெல்லாம் இப்போது அவசரம் கூடியிருக்கிறது. ஊதுலையை விட்டுவிட்டு ஹைட்ரஜனால் தாதுவைத் திடநிலையிலேயே இரும்பாக்கி மின்வில் உலையில் உருக்கும் வழிக்கு உலகம் நகரப் பார்க்கிறது. அந்த மின்வில் உலை, கசடை அதிகமாகத் தாங்காது, அதனால் பாஸ்பரஸும் சிலிக்காவும் மிகக் குறைந்த தாதுவைத்தான் கேட்கும். கிருணா மாதிரி அரைத்துச் சுத்தம் செய்யக்கூடியவர்களுக்கு அது சாதகம். பில்பராவின் கோதைட் தாதுவுக்கு அந்தக் கதவு பாதி மூடியிருக்கிறது. அதனால்தான் சுரங்க நிறுவனங்களான ரியோ டின்டோ, பிஎச்பி, எஃகு நிறுவனமான புளூஸ்கோப் ஆகியவை சேர்ந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் குவினானாவில் வேறு வகையான மின் உருக்கு உலை ஒன்றைச் சோதிக்கத் திட்டமிட்டிருக்கின்றன. அதில் கசடு தாராளமாக இருக்கலாம், வெளியே வருவது ஊதுலையில் வருவதைப் போன்ற கரி கலந்த உருகிய இரும்பு, பாஸ்பரஸை வழக்கம்போல அடுத்த ஆக்சிஜன் உலையில் சுண்ணாம்பைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.